பெர்கன் துறைமுக நகரில் பெற்றோரோடும் குழந்தைகளோடும் ஒரு நாள்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி (கோத்தன்பர்க்கிலிருந்து)

வணக்கம். ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரில் வேலை பார்க்கிறேன். தூத்துக்குடியிலிருந்து அப்பாவும் அம்மாவும் கோடைக்கு வந்திருக்கிறார்கள். ஜூன் மாதக் கடைசியில் ஆஸ்லோவிலிருந்து ரயிலில் மலையைக் கடந்து, நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கனுக்குப் போவதாக முடிவு செய்து பயணச்சீட்டும் எடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை இரவு போய்ச் சேர்கிறோம், ஞாயிறு காலை விமானம். ஆக, ஊரைப் பார்க்கக் கையில் இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான்.

நாங்கள் ஆறு பேர். அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர்த் துறைக்குப் போனாலும் அங்கே என்ன சரக்கு வந்தது, என்ன போனது, லாபம் யார் கையில் நின்றது என்று விசாரிக்காமல் நகரமாட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரையில் மெதுவாக எவ்வளவு தூரமும் நடப்பார், படி இறங்குவதுதான் சிரமம். சனிக்கிழமைகளில் அசைவம் தொடமாட்டார், முட்டையும் சேர்த்துத்தான். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. நானும் என் மனைவியும் இவர்களுக்கு இடையில் ஓடிக்கொண்டிருப்போம்.

படித்த வரையில் பிரிக்கன் என்ற பழைய மரத்துறை, மீன் சந்தை, ஃப்ளோயன் மலை, உல்ரிக்கன் மலை, கோட்டை, கடல்வாழ் உயிரினக் காட்சியகம், ஃபியோர்டு (மலைகளுக்கு இடையே நீளும் ஒடுங்கிய கடல்வாய்) படகுப் பயணம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள், எதை விடலாம் என்று ஒருவரும் சொல்வதில்லை. எந்த வரிசையில் போவது, அம்மாவால் எங்கெல்லாம் வர முடியும், மழை பெய்தால் என்ன செய்வது, படகுப் பயணத்துக்கு அரை நாள் ஒதுக்கலாமா என்பவற்றை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1 (பேர்கனில் வசிப்பவர்)

வணக்கம். இந்த ஊரில் நீண்ட காலமாகக் குடியிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பட்டியலில் உல்ரிக்கன், ஃபியோர்டுப் படகு ஆகிய இரண்டையும் இப்போதே நீக்கிவிடுங்கள். படகுப் பயணம் அழகானதுதான், ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். ஒரே ஒரு நாளுக்கு வருபவர்கள் அதில் ஏறினால் ஊரைப் பார்க்க நேரம் மிஞ்சாது. நீங்கள் வரப்போகும் ஒஸ்லோ–பேர்கன் புகையிரதப் பாதை 1909ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது பின்ஸ என்ற நிலையத்தில் கடல்மட்டத்திலிருந்து 1,222 மீற்றர் உயரத்துக்கு ஏறி, பின்னர் ஃபியோர்டுகளின் ஓரமாகவே இறங்கி வருகிறது. ஜூன் மாதத்திலும் மேலே பனி கிடக்கும். மலையையும் ஃபியோர்டையும் வெள்ளிக்கிழமையே யன்னலோரத்தில் பார்த்துவிடுவீர்கள். சனிக்கிழமையை ஊருக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொண்டால் வரிசை தானாகவே பிடிபடும். வோகன் என்ற ஒடுங்கிய கடல்வாய் நகரத்துக்குள் நீண்டு வருகிறது. அதன் உள்முனையில் மீன் சந்தை இருக்கிறது. சந்தையிலிருந்து கடலைப் பார்த்து நின்றால் வலக்கரையில் பிரிக்கனும் அதற்கு அப்பால் கோட்டையும், இடக்கரையில் நோர்ட்னெஸ் தீபகற்பமும் அதன் நுனியில் காட்சியகமும் வரும். மலைக்கு ஏறும் ஃப்ளோயன் இழுவை ரயிலின் கீழ்நிலையம் சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. காட்சியகம் ஒன்றுதான் சற்றுத் தொலைவு, அதற்குப் பேருந்து உண்டு.

காலையில் எட்டு மணிக்கே பிரிக்கனுக்குப் போய்விடுங்கள். கோடையில் பெரும் உல்லாசக் கப்பல்கள் காலையில் வந்து கட்டுகின்றன. பத்து மணிக்குப் பிறகு அந்த மரச் சந்துகளில் ஆளோடு ஆள் உரசாமல் நடக்க முடியாது. வருபவர்களில் பெரும்பாலானோர் சிவப்பும் மஞ்சளுமான முகப்புகளுக்கு எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பிரிக்கன் என்பது அந்த முகப்புக்குப் பின்னால்தான் இருக்கிறது. இரண்டு வீட்டு வரிசைகளுக்கு இடையிலுள்ள பலகை பாவிய நடைவழியில் உள்ளே போனால், மேலே துருத்திக்கொண்டிருக்கும் மாடங்களும், சரக்கு ஏற்றி இறக்கிய கூரையோரப் பாரந்தூக்கிகளும், கோணலாகச் சாய்ந்து ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சுவர்களும் தெரியும். முன்வீதியில் உருட்டுக்கற்கள், உள்ளே பலகைகள். மழை பெய்திருந்தால் பலகை வழுக்கும் என்பதால் அம்மாவின் கையை யாராவது பிடித்துக்கொள்வது நல்லது.

ஃப்ளோயனுக்கு நேரம் குறிக்காதீர்கள். ஏழு மலைகள் சூழ்ந்த ஊர் இது, மேகம் இறங்கிவிட்டால் உச்சியில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. நோர்வே வானிலை நிறுவனத்தின் 'யர்' செயலி மணிக்கு மணி கணிப்பைத் தருகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, வானம் திறக்கும் இடைவெளியில் ஏறிவிடுங்கள். ஜூன் கடைசியில் இங்கே சூரியன் இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் மறைகிறது. என் விருப்பத்தைக் கேட்டால், கப்பல்கள் போன பிறகு மாலை எட்டு மணிக்கு மேல் ஏறுவேன். மேற்கிலிருந்து சரிந்து வரும் வெளிச்சத்தில் தீவுகளும் கடலும் தெரிவதை நண்பகலில் பார்க்க முடியாது. ரயிலில் சக்கர நாற்காலியோடும் ஏறலாம், உங்கள் அம்மாவுக்கு அங்கே ஒரு சிரமமும் இராது.

குடையை நம்பி வராதீர்கள். கடற்காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். ஆறு பேருக்கும் தலைமூடியுள்ள மழையங்கி இருக்கட்டும்.


மறுமொழி 2 (ஸ்டாக்ஹோமிலிருந்து)

நானும் என் கணவரும் மாமியாரையும் இரண்டு சிறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பெர்கன் போயிருந்தோம். மேலே எழுதியவர் ஊரை அறிந்தவர், அவர் சொல்லும் இடங்களில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான்கு வயதுப் பையனை வைத்துக்கொண்டு மாலை எட்டு மணிக்கு மலையேறச் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வெளிச்சம் எவ்வளவு நேரம் இருந்தாலும் குழந்தையின் உடம்பு ஏழு மணிக்கு ஓய்ந்துவிடும். அந்த நேரத்தில் பார்க்கிற அழகான காட்சி, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குகிறவருக்கு மட்டும்தான்.

ஆகவே என் வரிசை வேறு. காலையில் முதல் வேலையாக ஃப்ளோயனுக்குப் போங்கள். 1918ஆம் ஆண்டு முதல் ஓடுகிற இந்த ரயிலின் அமைப்பு எளிமையானது: ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் இரண்டு பெட்டிகள், ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது, நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கின்றன. பழனியில் விஞ்ச் ஏறியவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது, வேகமும் வசதியும்தான் கூடுதல். சில நிமிடங்களில் 320 மீட்டர் உயரத்துக்குப் போய்விடலாம். முன்பக்கக் கண்ணாடியை ஒட்டிய இடத்தைப் பிள்ளைகளுக்குப் பிடித்துக் கொடுங்கள், ஊர் கீழே விலகிப் போவது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

மேலே பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு நான்கு காரணங்கள் இருக்கின்றன. பெரிய விளையாட்டுத் திடல் இருக்கிறது. மரங்களுக்கிடையே நார்வேக் கதைகளில் வரும் ட்ரோல் பூதங்களின் மரச் சிற்பங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கோடையில் காஷ்மீர் ஆடுகள் கழுத்துப்பட்டையோடு தம் போக்கில் மேய்கின்றன. சற்று நடந்தால் ஒரு சிறு ஏரி வரும். என் மாமியார் காட்சிமேடையின் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே ஊரை முழுவதும் பார்த்துவிட்டார். அவருக்கு முழங்கால் பிரச்சினை எங்குமே எழவில்லை. இறங்கும்போது நடந்து வரலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் இறக்கத்திலேயே நடக்க வேண்டும் என்பதால், உங்கள் அம்மாவுக்கு அது கட்டாயம் வேண்டாம். திரும்பும் சீட்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

சாப்பாடு பற்றி. மீன் சந்தையை வேடிக்கை பார்க்கலாம். பெரிய நண்டுகளும், புகையூட்டிய சால்மனும், திமிங்கில இறைச்சியும் அடுக்கி வைத்திருப்பார்கள். விலை சுற்றுலாப் பயணிகளுக்கென்றே வைத்தது போலிருக்கும், உள்ளூர்க்காரர்கள் அங்கே அன்றாட மீனை வாங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்காக ஒரு கிண்ணம் மீன் சூப் வாங்கினால் அந்தக் கடன் தீர்ந்தது. அம்மாவைப் பொறுத்தவரை, நார்வேயில் எங்கும் கிடைக்கும் வாஃபிளில் முட்டை சேர்ப்பார்கள் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பெர்கனுக்கே உரிய ஷில்லிங்ஸ்பொல்ல என்ற இலவங்கப்பட்டை ரொட்டி பேக்கரிகளில் சூடாகக் கிடைக்கும், அதன் மேற்பூச்சில் முட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நாங்கள் செய்தது இதுதான்: காலையில் விடுதி அறையிலேயே தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து டப்பாவில் எடுத்துக்கொண்டோம். சமையலறை உள்ள தங்குமிடமாக இருந்தால் நீங்களும் அப்படிச் செய்யலாம். பல்பொருள் அங்காடிகளில் அரிசி, தயிர், பழம் எல்லாம் கிடைக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் திறப்பதில்லை, விமானத்துக்கு வேண்டியதையும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், காசு கொடுத்துப் புட்டி வாங்க வேண்டாம்.

பிற்பகலில் காட்சியகத்துக்கோ பிரிக்கனுக்கோ போகலாம், இரண்டையும் சேர்க்காதீர்கள். என்னைக் கேட்டால் பிள்ளைகளுக்குக் கடற்சிங்கங்களையும் பென்குயின்களையும் காட்டியது போதும், பழைய மரவீடுகள் அவர்களுக்கு வெறும் வீடுகள்தான். பெரியவர்களுக்கு ஹன்சா அருங்காட்சியகம் நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன், நாங்கள் உள்ளே போகவில்லை.


மறுமொழி 3 (லண்டனிலிருந்து)

முதலில் ஒரு தகவல்: ஹன்சா அருங்காட்சியகம் இயங்கிவந்த பழைய வணிகர் வீடு பல ஆண்டுகளாகப் புனரமைப்புக்காக மூடியிருக்கிறது. நீங்கள் போகும் சமயத்தில் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திறக்காவிட்டாலும் உங்கள் அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. நான் இந்த மறுமொழியை அவருக்காகவே எழுதுகிறேன், ஏனென்றால் அவர் கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லக்கூடிய துறைமுகங்களில் பெர்கன் ஒன்று.

சரக்கு என்ன? உலர்ந்த காட் மீன். நார்வேயின் வடபகுதியில் லோஃபோட்டன் தீவுகளில் குளிர்கால இறுதியில் பிடிபடும் காட் மீனை, உப்பே போடாமல், மரச் சட்டங்களில் தொங்கவிட்டு, உறைநிலையை ஒட்டிய குளிர்காற்றிலேயே காயவைக்கிறார்கள். நீர் முழுவதும் வற்றிக் கட்டையாகிவிடும் அந்த மீன் ஆண்டுக்கணக்கில் கெடாது, எடை குறைவு, அடுக்கி வைக்கலாம். கப்பல் வணிகத்துக்கென்றே செய்த சரக்கு என்று உங்கள் அப்பா உடனே சொல்லிவிடுவார். ஐரோப்பா முழுவதும் கத்தோலிக்க நோன்பு நாட்களில் இறைச்சி விலக்கப்பட்டிருந்ததால் இதற்குப் பெரும் தேவை இருந்தது. இன்றும் இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் இது ஏற்றுமதியாகிறது.

எதிர்ச்சரக்கு என்ன? தானியம். வட நார்வேயில் கோதுமையும் ரை என்ற தானியமும் போதுமான அளவு விளையாது. ஜெர்மனியின் லூபெக் முதலான நகரங்களின் வணிகர் கூட்டமைப்பான ஹன்சா, பால்டிக் கரைகளிலிருந்து தானியத்தைக் கொண்டுவந்தது. லண்டன், ப்ரூஜ், நோவ்கரோட் ஆகிய இடங்களில் இருந்தது போலவே பெர்கனிலும் ஏறக்குறைய 1360ஆம் ஆண்டில் அதன் வணிக நிலையம் முறையாக அமைந்தது. வடக்கிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளில் மீனை ஏற்றி இங்கே வருவார்கள், தானியத்தையும் பிற பொருள்களையும் ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள்.

லாபம் யார் கையில்? இங்கேதான் கணக்குப் பிரிவுக்காரருக்கு வேலை. வணிகர்கள் வடக்கத்தி மீனவர்களுக்குத் தானியத்தையும் கருவிகளையும் முன்கூட்டியே கடனாகக் கொடுத்தார்கள். கடன் தீரும்வரை மீனவன் வேறு வணிகரிடம் மீனை விற்க முடியாது, அடுத்த ஆண்டும் மீன் அதே வீட்டுக்கே வந்தாக வேண்டும். கடன் தீர்ந்ததா என்றால் பெரும்பாலும் தீரவில்லை. பிரிக்கனின் மரவீடு ஒவ்வொன்றையும் இப்படிப்பட்ட ஒரு பற்றுவரவு ஏடாகப் பார்த்தால், அந்த இடம் படப்பிடிப்புத் தளமாகத் தெரியாமல் பண்டகசாலையாகத் தெரியத் தொடங்கும்.

உள்ளே வாழ்ந்தவர்களின் நிலைமையும் கேட்கத் தக்கது. நிலையத்தைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் அங்கே மணம் செய்துகொள்ளக் கூடாது. தீப்பிடித்துவிடும் என்ற அச்சத்தால் மரவீடுகளுக்குள் நெருப்பே கூடாது, அடுப்பும் இல்லை, குளிர்காய்வும் இல்லை. குளிர்காலம் முழுவதும் சமையல், சாப்பாடு, கூட்டம், இளம் பயிற்சியாளர்களுக்குப் பாடம் எல்லாம் பின்னால் தனியே கட்டிய பொதுக் கூடங்களில்தான் நடந்தன. ஷோட்ஸ்டூவன என்ற அந்தக் கூடங்களில் சிலவற்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், மரியா தேவாலயத்துக்கு அருகில் இருக்கிறது. தேவாலயம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, நகரில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது. 1408 முதல் 1766 வரை ஜெர்மானியர்களின் கோவிலாகவே இருந்தது.

இவ்வளவு அஞ்சியும் தீ விட்டுவைக்கவில்லை. 1702ஆம் ஆண்டுத் தீயில் பிரிக்கன் முழுவதும் எரிந்தது. இன்று நாம் பார்ப்பது அதன் பிறகு பழைய மனைவரிசையிலேயே மீண்டும் எழுப்பியவை. 1900ஆம் ஆண்டையொட்டி ஒரு பகுதியை இடித்துச் செங்கல் கட்டடங்கள் கட்டினார்கள், முகப்பு வரிசையில் சந்தையை நோக்கி நிற்பவை அவைதான். 1955ஆம் ஆண்டில் மறுபடியும் ஒரு தீ. இப்படியெல்லாம் போக எஞ்சிய 62 கட்டடங்களைத்தான் யுனெஸ்கோ 1979ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

அந்த 1955 தீயால் ஒரு நன்மையும் விளைந்தது. எரிந்த இடத்தைத் தொல்லியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் தோண்டினார்கள். நூற்றாண்டுகளாக ஊர்க் குப்பையையும் தீக்கழிவையும் கடலுக்குள் கொட்டிக் கொட்டித் துறையை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்பது அப்போது அடுக்கடுக்காக வெளிப்பட்டது. ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் கீறிய மரத்துண்டுகளும் எலும்புகளும் 600க்கும் மேல் கிடைத்தன. பலவும் மூட்டையில் கட்டிய உரிமையாளர் பெயர்ச்சீட்டுகள், சில காதல் வரிகள். ஒன்றில் "உன்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாள் கீதா" என்ற பொருளில் எழுதியிருக்கிறது. கீதா என்று நான் எழுதுவது கீடா (Gyda) என்ற நார்வேப் பெண்பெயரைத்தான், நம் ஊர்ப் பெயர்போல ஒலிப்பதால் என் மகள் அப்படியே வைத்துவிட்டாள். மதுக்கடையில் உட்கார்ந்திருந்த கணவனுக்கு அனுப்பியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அகழ்ந்த இடத்தின் மேலேயே 1976ஆம் ஆண்டில் திறந்த பிரிக்கன்ஸ் அருங்காட்சியகத்தில், பழைய வீடுகளின் அடித்தளங்கள் கிடந்த இடத்திலேயே கிடக்க, இவற்றைக் காணலாம். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அந்த எழுத்துத் துண்டுகள் அலுக்காது என்பதால், மரவீடுகள் பிள்ளைகளுக்கு வெறும் வீடுகள் என்று மேலே சகோதரி சொன்னதைப் பாதியளவுக்குத்தான் ஏற்பேன்.

காலையா மாலையா என்ற சச்சரவுக்கு என் தீர்வு, ஆறு பேரும் ஒரே கூட்டமாக நகர வேண்டாம் என்பதுதான். காலையில் எல்லோரும் பிரிக்கன் சந்துகளைச் சுற்றுங்கள், கூட்டம் சேரும் முன்பு ஒரு மணி நேரம் போதும். பிறகு உங்கள் மனைவி அம்மாவையும் மகனையும் ஃப்ளோயனுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும். நீங்கள் அப்பாவோடும் மகளோடும் அருங்காட்சியகத்துக்கும், அங்கிருந்து சில நிமிட நடையில் கோட்டைக்கும் செல்லுங்கள். ஹோகோன் மன்னன் கட்டிய கல்மண்டபம் 1261ஆம் ஆண்டில் அவன் மகனின் திருமணத்துக்குள் முடிந்தது. 1944 ஏப்ரல் 20 அன்று துறையில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று வெடித்ததில் அதன் கூரை எரிந்துபோயிற்று, போருக்குப் பின் மீட்டுக் கட்டினார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்தவருக்கு அந்தக் கப்பலின் கதையை விளக்க வேண்டியதே இல்லை. கோட்டை வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் கிடையாது, புல்வெளியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடலாம். பிற்பகலில் வானம் தெளிந்திருந்தால் நீங்கள் மூவரும் ஒரு தடவை மேலே போய்வாருங்கள்.


கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மிக்க நன்றி. அப்பாவுக்கு லண்டன் நண்பரின் மறுமொழியைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கடன் கணக்கைக் கேட்டதும் "எல்லாத் துறையிலும் இதே கதைதான்" என்றார். குழுவாகப் பிரிவது எங்களுக்குத் தோன்றவே இல்லை, அப்படியே செய்யப்போகிறோம். படகையும் உல்ரிக்கனையும் நீக்கிவிட்டேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சம். நாள் முழுவதும் மழை விடாமல் பெய்தால் இந்தத் திட்டத்தில் எது நிற்கும், எது போகும்? மகனுக்குத் தள்ளுவண்டி கொண்டுவரலாமா?


மறுமொழி 4 (பேர்கனில் வசிப்பவர்)

ஸ்டாக்ஹோம் சகோதரி சொன்னது நியாயம், நான்கு வயதுப் பிள்ளையை நான் கணக்கில் எடுக்கவில்லை என்று அவர் சொல்லாமல் சொல்லிவிட்டார். மாலை ஏற்றம் பெரியவர்களுக்கு மட்டும் இருக்கட்டும், அதுவும் யாராவது ஒருவர் அறையில் பிள்ளைகளோடு இருக்க முடிந்தால்.

மழை பற்றி: அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி ஏறுவதால் இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. சென்னையில் ஏறக்குறைய 1,400 என்று நினைக்கும்போது இது பயமுறுத்தலாம். ஆனால் சென்னையில் சில நாட்களில் கொட்டித் தீர்ப்பது, இங்கே ஆண்டு முழுவதும் தூறலாகப் பரந்து விழுகிறது. மழை என்று யாரும் வேலையை நிறுத்துவதில்லை. மே, ஜூன் மாதங்கள் ஒப்பீட்டளவில் காய்ந்தவை. அப்படியும் விடாமல் பெய்தால், பிரிக்கன் சந்துகளில் அரை மணி நேரம் மட்டும் நடந்துவிட்டு எல்லோரும் பிரிக்கன்ஸ் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். மதியத்துக்குப் பிறகு பேருந்தில் காட்சியகம் செல்லுங்கள். பென்குயின்களுக்கு மழை ஒரு பொருட்டில்லை, உள்ளேயும் பார்க்க நிறைய உண்டு. ஃப்ளோயனை மட்டும் விட்டுவிட வேண்டியிருக்கும். உச்சியில் வெண்மையைத் தவிர ஒன்றும் தெரியாத நாளில் சீட்டுக்குப் பணம் கொடுப்பது வீண்.

தள்ளுவண்டி ஃப்ளோயனுக்கும் காட்சியகத்துக்கும் உதவும், ரயிலில் ஏற்றலாம். பிரிக்கனுக்குள் அது பாரம்தான். பெரிய சக்கரம் உள்ளதாக இருந்தால் கொண்டுவாருங்கள், குடைக்காம்பு போல மடியும் சிறிய வண்டியின் சக்கரம் உருட்டுக்கற்களில் சிக்கிக்கொள்ளும்.

உங்கள் தந்தையாருக்கு இன்னொரு செய்தி. லண்டன் நண்பர் சொன்ன மீன் வந்த அதே வட நோர்வேக் கரையோரத்தில், 1980களில் ஈழத்தமிழர் பலர் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். பின்மார்க்கின் மீன்பிடி ஊர்களில் கத்தியும் கையுறையுமாக நின்றவர்கள்தான் பின்னாளில் ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் குடிபெயர்ந்து வந்தார்கள். இந்த ஊரில் தமிழ்க் குரல் காதில் விழுந்தால் தயங்காமல் பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள். வயதானவர்களாக இருந்தால் அந்தக் கதையை அவர்களே சொல்லக்கூடும், அதற்கு எந்த அருங்காட்சியகத்திலும் சீட்டு வாங்க முடியாது.

ஞாயிறு காலை விமான நிலையத்துக்கு வாடகைக் கார் எடுக்க வேண்டாம். நகர் நடுவிலிருந்து பிபானன் என்ற மென்தடத் தொடருந்து நேராகப் போகிறது, முக்கால் மணி நேரம் எடுக்கும். பெட்டிகளோடு ஆறு பேர் ஏறுவதற்குத் தொடக்க நிலையமான பீபார்க்கனிலேயே ஏறிவிடுங்கள், அங்கேதான் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கும்.